ஒரு தலைக்கு எத்தனை பட்டம்?

கல்லிடைக்குறிச்சிக்குத் தெற்கே, மணிமுத்தாறு பக்கம், சிங்கம்பட்டி என்ற பெயரில் இரண்டு ஊர்கள் உண்டு: ஜமீன் சிங்கம்பட்டி, அயன் சிங்கம்பட்டி. ஒன்று ஜமீனுக்கு வரி கட்டிய ஊர், மற்றது சர்க்காருக்கு. ஜமீன் ஊரின் அரண்மனையில் 2020 மே மாதம் காலமானவரை, முறைப்படி பட்டம் சூடிய கடைசி ஜமீன்தார் என்று பத்திரிகைகள் எழுதின. டி.என்.எஸ். முருகதாஸ் தீர்த்தபதி என்றுதான் ஊருக்கு அவரைத் தெரியும். அந்த முன்னெழுத்துகளை விரித்தால் மூச்சு வாங்கும்: தென்னாட்டுப் புலி நல்லகுட்டி சிவசுப்பிரமணிய சங்கர முருகதாஸ் தீர்த்தபதி.

இதில் அவருக்கென்று வைத்த பெயர் முருகதாஸ். தீர்த்தபதி என்பது குடும்பத்தின் முதல் பட்டம். தாமிரபரணியின் மலைத் தீர்த்தங்கள் ஜமீன் எல்லைக்குள் இருந்ததால் வந்தது அது. நல்லகுட்டி வேறு வழியாக வந்தது. திருவிதாங்கூர் மன்னருக்கு ஆபத்து வந்தபோது சிங்கம்பட்டியார் படையோடு போய் நின்றதாகவும், அந்தச் சண்டையில் சிங்கம்பட்டி இளவரசர் ஒருவர் உயிர்விட்டதாகவும், அதற்கு நன்றியாக மலைக்காட்டோடு சேர்த்துக் கிடைத்த பட்டம் அது என்றும் ஜமீன் குடும்பத்தார் சொல்வார்கள். ஆக, ஒரே ஆளின் பெயருக்குள் மண்ணால் வந்த பட்டமும் உண்டு, இரத்தத்தால் வந்த பட்டமும் உண்டு.

முதல் பட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் இந்தத் துணைப் பட்டங்களை என்ன செய்வது? இங்கிலாந்துப் பிரபுக் குடும்பங்கள் இதற்கு ஓர் ஏற்பாடு கண்டுபிடித்தன. தகப்பனாரிடம் நாலைந்து பட்டம் இருந்தால் பெரியதை அவர் வைத்துக்கொள்வார். அடுத்ததை மூத்த மகன், தகப்பனார் உயிரோடு இருக்கும்போதே, மரியாதைக்காகப் போட்டுக்கொள்வான். அவனுக்கும் மகன் பிறந்தால் மூன்றாவது பட்டம் பேரனுக்கு. வெலிங்டன் கோமகன் குடும்பத்தைப் பாருங்கள். வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற ஆர்தர் வெல்லெஸ்லி 1809இல் வைகவுன்ட், 1812 தொடக்கத்தில் ஏர்ல், அதே ஆண்டு முடிவதற்குள் மார்க்வெஸ், 1814இல் டியூக். அரசாங்க உத்தியோகஸ்தருக்குக் கூட இத்தனை வேகமாகப் பதவி உயர்வு வராது! ஒவ்வொரு படி ஏறும்போதும் கீழ்ப்படி கழன்று விழவில்லை. எல்லாம் சேர்ந்தே இருந்தன. டியூக் பட்டத்தோடு டவ்ரோ மார்க்வெஸ் என்ற பட்டமும் வந்தது. அன்றிலிருந்து வாரிசுக்கு அதுதான் அழைப்புப் பெயர்.

வாரிசின் வாரிசுக்கு உள்ள பட்டத்தில்தான் திருநெல்வேலிக்காரர்களுக்குச் சுவாரசியம். அது மார்னிங்டன் ஏர்ல். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டபோது கல்கத்தாவில் கவர்னர் ஜெனரலாக இருந்தவர் ஆர்தரின் அண்ணன் ரிச்சர்ட். அன்றைக்கு அவர் பெயர் மார்னிங்டன் பிரபு. இரண்டு மாதத்தில் அவருக்கு மார்க்வெஸ் வெல்லெஸ்லி என்ற பட்டம் வந்தது. ஆனால் அது அயர்லாந்து வரிசைப் பட்டம் என்பதால், தன்னை அவமதித்துவிட்டார்கள் என்று மனிதர் குமுறினார். 1842இல் முறைப்படியான ஆண் வாரிசு இல்லாமல் அவர் இறந்ததும் அந்த மார்க்வெஸ் பட்டம் அவரோடு முடிந்தது. பழைய மார்னிங்டன் பட்டம் மட்டும் வேறொரு தம்பி வழியில் இறங்கி, அந்தக் கிளையும் அற்றுப்போன பிறகு, 1863இல் வெலிங்டன் வீட்டில் வந்து சேர்ந்தது. இன்று அந்த வீட்டில் வாரிசின் மூத்த மகனுக்கு அழைப்புப் பெயர் அதுதான்.

இப்படி மகன் போட்டுக்கொள்ளும் பட்டத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. சட்டத்தின் கண்ணில் அவன் சாதாரணக் குடிமகன். அதனால் ஒரு வசதியும் இருந்தது: பிரபுக்கள் நுழைய முடியாத மக்கள் சபைக்கு அவன் தேர்தலில் நின்று போகலாம். முதல் வெலிங்டனின் மகன், டவ்ரோ என்ற பட்டத்தோடே அங்கே உறுப்பினராக உட்கார்ந்தவர்.

நம் பக்கத்துப் பாளையங்களிலும் ஜமீன்களிலும் இந்த வழக்கம் இல்லை. இங்கே பட்டங்கள் கீழே இறங்குவதில்லை. எல்லாம் ஒரே தலையில் ஏறும். ரகுநாத சேதுபதி மதுரைக்காக மைசூர்ப் படையை எதிர்த்து நின்றபோது, திருமலை நாயக்கர் தம் பெயரையே அவருக்குப் பட்டமாகத் தந்தார். அவர் திருமலை சேதுபதி ஆனார். அந்தப் பெயரை மகனுக்கென்று ஒதுக்கி வைக்கும் எண்ணம் யாருக்கும் வந்ததாகத் தெரியவில்லை. பட்டம் என்பது தலையில் கட்டுவது. கட்டும் சடங்கு நடக்காதவனுக்கு அது கிடையாது, மூத்த மகனே ஆனாலும்.

அப்படியானால் மற்றப் பிள்ளைகளுக்கு? அழைப்புமுறைதான். பெரியவர் மகாராஜா என்றால் இளையவர் சின்னத்துரை. புதுக்கோட்டையில் மன்னரின் சகோதரருக்குத் துரைராஜா என்ற பெயர் ஏறக்குறையப் பதவியாகவே இருந்தது. மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915இல் மாலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்துகொண்டு நாட்டை விட்டு விலகியபோது, 1922 முதல் ஆட்சியைப் பார்த்துக்கொண்டவர் சகோதரர் துரைராஜாதான். மாலிக்குப் பிறந்த மகன் சிட்னிக்கு ஆங்கிலேய அரசு வாரிசுரிமை தரவில்லை. 1928இல் பட்டம் குடும்பத்தின் வேறொரு சிறுவனான ராஜகோபாலத் தொண்டைமானுக்குப் போனது.

மேற்கு மலைக்கு அப்பால் திருவிதாங்கூரில் கணக்கே வேறு. அங்கே மருமக்கள் வழி. மன்னரின் மகன் மன்னனாக முடியாது. சகோதரியின் மகன்தான் இளையராஜா. ஆகவே வாரிசைப் பெற்றெடுக்கும் பெண்களுக்கே துணைப் பட்டம் போனது: ஆற்றிங்கல் மூத்த ராணி, இளைய ராணி. 1924இல் மன்னர் இறந்தபோது அடுத்தவர் சிறுவர். மூத்த ராணி சேதுலட்சுமிபாய் 1931 வரை ஆட்சிப் பொறுப்பில் இருந்தார். பட்டத்துக்கு வந்த சித்திரைத் திருநாள், இளைய ராணி சேதுபார்வதிபாயின் மகன். இங்கிலாந்தின் துணைப் பட்டம் மகனுக்கு ஆறுதல் என்றால், ஆற்றிங்கல் பட்டம் நாட்டின் சாவியாக இருந்தது என்றே சொல்லலாம்.

மன்னரின் சொந்தப் பிள்ளைகளுக்கோ, ஆணுக்குத் தம்பி, பெண்ணுக்குத் தங்கச்சி என்ற மரியாதை மட்டும். அது போதவில்லை என்று கிளம்பியவர்களும் உண்டு. 1729இல் மார்த்தாண்ட வர்மா பட்டத்துக்கு வந்தபோது, முந்தைய மன்னரின் மக்களான பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் அரியணை தமக்கே என்று கேட்டு எதிர்த்தார்கள். தோற்று உயிரிழந்தார்கள்.

அந்த மன்னர்களின் முழுப் பட்டத்தைப் படித்தால் தென்னாட்டு அரசியல் முழுவதும் அதற்குள் இருக்கும். பத்மநாபதாசர் என்பது கோயில் வழி வந்தது. குலசேகரன் பழைய முடிப்பெயர். பாண்டியரும் சூடிய பெயர் அது. கல்லிடைக்குறிச்சிச் சிவன் கோயிலுக்குக்கூடக் குலசேகரமுடையார் கோயில் என்றுதான் பெயர். ‘மன்னே சுல்தான்’, ‘ஷம்ஷேர் ஜங்’ என்பவை ஆற்காட்டு நவாபு தந்தவை. கொடுத்தவரின் அதிகாரம் போய் வெகுகாலம் ஆன பிறகும் பட்டம் மட்டும் கூடவே வந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு 1948ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாண ஜமீன்களை ஒழித்தது. அரசியலமைப்பின் 18ஆவது பிரிவு, அரசு இனிப் பட்டம் வழங்குவதற்குத் தடை போட்டது. சிங்கம்பட்டிக்கு நிலம் போனது. மாஞ்சோலையில் 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட எட்டாயிரத்துச் சொச்சம் ஏக்கரும் அரசின் பெயருக்கு மாறியது. ஆனால் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் ஆடி அமாவாசை அன்று ராஜ உடையில் அமர்ந்து காட்சி தரும் உரிமையை எந்தச் சட்டமும் தொடவில்லை. முருகதாஸ் தீர்த்தபதி முதுமை வரை அதை விடவில்லை.

1971இல் 26ஆவது திருத்தம் மன்னர்களின் மானியத்தையும் அங்கீகாரத்தையும் நீக்கியது. கதை அதோடு முடிந்ததென்று நினைத்தால் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயில் வழக்கு குறுக்கே வருகிறது. 1950ஆம் ஆண்டுச் சட்டத்தில் கோயில் நிர்வாகத்துக்குப் பொறுப்பாளர் ‘திருவிதாங்கூர் ஆட்சியாளர்’ என்று எழுதியிருந்தது. சித்திரைத் திருநாள் 1991இல் காலமானார். ஆட்சியே இல்லாத காலத்தில் ஆட்சியாளர் யார்? அப்படி ஒருவர் இனி இல்லை என்றது கேரள உயர் நீதிமன்றம், 2011இல். 2020 ஜூலை 13 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது: அரச பதவி போனாலும் கோயிலைப் பேணும் உரிமை குடும்ப வழக்கப்படி தொடரும் என்றது. அன்றாட நிர்வாகம் மட்டும் மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் போனது.