சீப்பைக் கண்டால் ஓடுகிறதா உங்கள் நாய்?

ஞாயிற்றுக்கிழமை காலை. நாயைக் குளிப்பாட்ட வேண்டும். வீட்டுக்காரர் வாளியை எடுக்கிறார். அவ்வளவுதான்! அதுவரை காலைச் சுற்றிக்கொண்டிருந்த நாயைக் காணோம். தேடினால், கட்டிலுக்கு அடியில் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டிருக்கிறது.

பிறகு என்ன நடக்கும்? ஒருவர் கழுத்தைப் பிடிப்பார். இன்னொருவர் பின்காலைப் பிடிப்பார். பையன் தண்ணீரை ஊற்றுவான். நாய் திமிறும்; உறுமும். யார் கையிலாவது பல் பட்டுவிடும். "சோறு போட்ட கையையே கடிக்கிறதே, நன்றி கெட்ட நாய்!" என்று நாலு அடி விழும்.

அது நன்றி கெட்ட நாய் அல்ல. பயந்துபோன நாய். அடுத்த தடவை வாளியைப் பார்த்ததும் அது இன்னும் அதிகமாகப் பயப்படும்.

வீரனின் கதை

எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நாய் இருந்தது. செவலை நிற நாட்டு நாய். வீரன் என்று பெயர். முதுகைத் தடவினால் வாலை ஆட்டும். காதைத் தொட்டால் மட்டும் சீறும். "சரி, அதற்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது" என்று விட்டுவிட்டோம்.

ஒரு கோடையில் வீரன் சோறு தின்பதை நிறுத்தியது. "வெயிலுக்குத்தான் இருக்கும்" என்றார் பாட்டி. இரண்டு நாள் பார்த்தோம். மூன்றாம் நாள் மூக்கில் இரத்தம் வந்தது. கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் அதன் வாயைக் கட்டிவிட்டுக் காதைத் திருப்பிப் பார்த்தார். உள்ளே கொத்துக் கொத்தாக உண்ணிகள்! ஈறு வெளுத்துப் போயிருந்தது. உண்ணிக் காய்ச்சல் முற்றிவிட்டது என்றார். வீரன் பிழைக்கவில்லை.

காதைத் தொடவிட்டிருந்தால் முன்பே கண்டிருக்கலாம். தொடுவதற்குப் பழக்காதது எங்கள் குற்றம்.

நாயைத் துடைப்பதும் சீவுவதும் அழகுக்காக என்று எண்ணிவிடாதீர்கள். கை படும்போதுதான் புண், கட்டி, உண்ணி எல்லாம் தெரியவரும். உண்ணி இருக்கும் இடங்கள் காதும், கால்விரல் இடுக்கும். நாய் தொடவிடாத இடங்களும் அவைதான்.

பாவ்லோவ் கண்ட உண்மை

ரஷிய நாட்டில் பாவ்லோவ் என்று ஓர் அறிஞர் இருந்தார். உணவு செரிப்பதைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-ம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் நாய்களிடம் ஒரு விஷயத்தைக் கவனித்தார். ஒரு சத்தம் கேட்கும். உடனே உணவு வரும். இப்படிப் பல முறை நடந்த பிறகு, சத்தம் கேட்டதுமே நாயின் வாயில் எச்சில் ஊறியது!

நம் வீட்டு நாயும் இந்தக் கணக்கைத்தான் போடுகிறது. வாளி வந்தால் அடி வரும் என்று கற்றுக்கொண்ட அதே நாய், சீப்பு வந்தால் தின்பண்டம் வரும் என்றும் கற்றுக்கொள்ளும்.

ஒன்றை மறக்கக்கூடாது. முதலில் தொடவேண்டும், பிறகுதான் தின்னக் கொடுக்க வேண்டும். பண்டத்தைக் காட்டி அழைத்துவிட்டு லபக்கென்று பிடித்தால், அப்புறம் பண்டத்தைக் கண்டாலே ஓடும். கெட்டிக்காரப் பிராணி அல்லவா?

தினம் ஐந்து நிமிஷம்

இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. பொறையைச் சின்னச் சின்னத் துண்டாக உடைத்து ஒரு டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். தினம் ஒரே நேரம், ஒரே இடம். ஒரு பழைய சாக்கை விரித்துவிடுங்கள்.

முதல் சில நாள் தோளை மட்டும் தடவுங்கள். ஒரு துண்டு கொடுங்கள். பிறகு முன்கால், பாதம், காது என்று மெதுவாகப் போகலாம். காதை ஒரு நொடி தூக்கி விட்டுவிடுங்கள். உடனே ஒரு துண்டு. மறுநாள் இரண்டு நொடி. சீப்பை முதலில் தரையில் வைத்து மோந்து பார்க்க விடுங்கள். அது எழுந்து போனால் போகட்டும். இழுத்துப் பிடிக்க வேண்டாம். போகலாம் என்று தெரிந்த நாய்தான் பயமில்லாமல் உட்காரும்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டியாக இருந்தால் வேலை மிகச் சுலபம். வளர்ந்த நாய்க்கு வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும்.

நாய் வாய் பேசாது, ஆனாலும் சொல்லும். உதட்டை நக்கும். தூக்கம் வராமலே கொட்டாவி விடும். முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கண்ணின் வெள்ளை தெரியும். வாலைக் கால்களுக்கு நடுவே ஒடுக்கும். இவை "போதும்" என்பதற்கு அடையாளம். அப்போதே நிறுத்துங்கள். உறுமினால் அடிக்காதீர்கள். உறுமியதற்கு அடி வாங்கிய நாய், அடுத்த முறை உறுமாமலே கடிக்கும்.

தப்பித் தவறிப் பல் பட்டுவிட்டால், சொந்த நாய்தானே என்று இருந்துவிடக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். வெறிநாய்க்கடி நோய் வந்துவிட்டால் பிழைப்பது மிக அரிது.

நகம் வெட்டுவது

நாய்கள் அதிகம் வெறுப்பது இதைத்தான். காரணம் உண்டு. நகத்துக்குள் இரத்தக் குழாயும் நரம்பும் ஓடுகின்றன. ஒரு தடவை அதில் வெட்டுப் பட்டால், நாய் ஆயுளுக்கும் மறக்காது. வெள்ளை நகத்தில் அந்தப் பகுதி இளஞ்சிவப்பாகத் தெரியும். கறுப்பு நகத்தில் தெரியாது. ஆகவே நுனியை மட்டும் மெல்லிசாகச் சீவ வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு நகம் வெட்டினாலும் போதும். யார் அவசரப்படுத்துகிறார்கள்?

தெருவில் ஓடித் திரியும் நாய்க்கு நகம் தானாகத் தேயும். பளிங்குத் தரை வீட்டில் வளரும் நாய்க்குத்தான் இந்தத் தொல்லை.

2005-ல் தபால் தலையில் இடம் பெற்றதே ராஜபாளையம் நாய், அதற்கு முடி குட்டை. ஈரத்துணியால் துடைத்தாலே பளபளக்கும். ஆனால் அந்த இனத்தில் காது கேளாதவையும் உண்டு. பின்னால் வந்து தொட்டால் திடுக்கிட்டுத் திரும்பும். கண்ணில் பட்ட பிறகே தொடுங்கள். பொமரேனியனுக்கோ காதின் பின்புறம் முடி சிக்கு விழும். சிக்கைப் பிடித்து இழுத்தால் யாருக்குத்தான் வலிக்காது? அடிமுடியைக் கையில் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து சீவ வேண்டும்.

குளியல் தினமும் வேண்டியதில்லை. வழுக்கும் தரையில் சாக்கைப் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரைக் காலிலிருந்து ஊற்றுங்கள். தலையில் கொட்டாதீர்கள், காதுக்குள் தண்ணீர் தங்கினால் சீழ் வைக்கும். முகத்துக்கு ஈரத்துணி போதும். துணி சோப்பு கூடவே கூடாது.

வீரனுக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு ஒரு கறுப்புக் குட்டி வந்தது. மாலையில் தம்பி பொறை டப்பாவைத் திறந்ததும் சாக்கின்மேல் வந்து உட்கார்ந்து காலை நீட்டுகிறது. காதைத் திருப்பிப் பார்க்கிறோம். போன வாரம்கூட ஓர் உண்ணி அகப்பட்டது. தண்ணீர் மட்டும் அதற்கு இன்னும் பிடிக்கவில்லை. வாளியைப் பார்த்தால் ஒரு பெருமூச்சு விடுகிறது, ஆனால் ஓடுவதில்லை.