பழைய கூரையின்மேல் நுரைக் கவசம்

அமெரிக்காவில் பள்ளிக்கூடங்கள், கிடங்குகள், தொழிற்சாலைகள் முதலியவற்றின் தட்டைக் கூரைகள் ஒழுகத் தொடங்கினால், அவற்றைப் பெயர்த்தெறியாமல், இரண்டு திரவங்களைப் பீய்ச்சுகுழலின் முனையில் கலந்து தெளித்து, கண்ணெதிரே இருபது முப்பது மடங்காகப் பொங்கி இறுகும் பாலியூரித்தேன் நுரையால் போர்த்திவிடும் வழக்கம் பல்லாண்டுகளாக நிலவி வருகிறது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 1974-இலேயே தன் கட்டடங்களில் இம்முறையைக் கைக்கொண்டு, எரிசக்திச் செலவில் மிச்சமான பணத்தைக் கொண்டே போட்ட முதலைச் சில ஆண்டுகளில் மீட்டுக்கொண்டது.

2000-இல் முதன்முதலாக வெளியாகி, பின்னர் மாநிலங்கள் பலவும் தழுவிக்கொண்ட சர்வதேசக் கட்டட விதித்தொகுப்பு, நுரையின் குணாதிசயங்களைப் பேசுவதோடு நில்லாமல், அதன்கீழே கிடக்கும் பழைய கூரையின் யோக்கியதையையும் விசாரிக்கிறது. நீர் ஊறியோ உளுத்தோ போய்ப் புதிய மேற்பூச்சைத் தாங்கும் தகுதியை இழந்த கூரை, கற்பலகை அல்லது ஓடு வேய்ந்த கூரை, முன்னமே இரண்டு அடுக்கு ஏறிவிட்ட கூரை ஆகியவற்றின்மேல் மற்றோர் அடுக்கை ஏற்றுதல் பொதுவிதிப்படி கூடாது. இவற்றுள் முதல் நிபந்தனையே என் அபிப்பிராயத்தில் பிராணன் போன்றது. ஏனெனில், நுரைக்கு ஆதாரமான ஐசோசயனேட் என்னும் ரசாயனம் ஈரத்தைத் தீண்டிய மாத்திரத்தில் கரியமிலவாயுவை வெளியிட, நுரை தளத்தோடு ஒட்டாமல் கொப்புளம் கொப்புளமாக எழும்புகிறது. அன்றியும், உள்ளே சிறைப்பட்ட நீர் வெளியேற வழியின்றி இரும்புத் தகட்டை ஆண்டுக்கணக்கில் அரித்துக்கொண்டே இருக்க, மேலே பார்ப்பவர் கண்ணுக்கோ புத்தம்புதிய வெண்ணிறக் கூரை தென்படுகிறது. பகலில் ஏற்ற வெப்பத்தை ஈரமான பகுதி இரவிலும் விடாமல் வைத்திருப்பதால், சூரியன் மறைந்தபின் அகச்சிவப்புக் காமிராவால் கூரையை ஆராய்ந்து, சந்தேகமான இடத்தை அறுத்தும் பார்ப்பது நல்ல ஒப்பந்தக்காரரின் முதற்கடமை. அவசரக்காரர் விட்டுவிடுவதும் இதைத்தான்.

சாய்வு விஷயத்தில் விதி தயை காட்டுகிறது: புதுக் கூரைக்கு நூற்றுக்கு இரண்டு பங்கு சாய்வு வேண்டும், பழையதன்மேல் போர்த்தும்போதோ, மழை பெய்து 48 மணி நேரத்துக்குள் நீர் வடிந்துவிடுமானால் அது போதும். நுரையின்மேல் காப்புப் பூச்சு இடும் காலத்தில் மாத்திரம் கண்டிப்பு அதிகம். நுரை தெளித்து 2 மணி நேரத்துக்கு முன்னும் கூடாது, 72 மணி நேரத்துக்குப் பின்னும் கூடாது. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்ட நுரை பழுப்பேறிப் பொடியாய் உதிரும், அந்தப் பொடியின்மேல் எந்தப் பூச்சும் பற்றாது. பல ஆண்டுகள் சென்று பூச்சுத் தேய்ந்தால், நுரையைப் பெயர்க்காமலே மறுபூச்சு இடலாமென்று விதி தனியாக விலக்கு அளித்திருப்பது, நல்ல நிலையிலுள்ள பொருளை வீணாக்காத நியாயமான ஏற்பாடு.

எஞ்சியது நெருப்பு. 1953 ஆகஸ்டு 12-ஆம் தேதி மிச்சிகன் மாநிலத்து லிவோனியாவில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை எரிந்தபோது, கூரையிலிருந்த தார் உருகி, இரும்புத் தகட்டின் இடுக்குகள் வழியே உள்ளே சொட்டித் தீயைப் பரப்பியது. அதற்குப்பின், கூரையின்மேல் தீ பரவுவதைச் சோதிப்பதோடு, கீழேயிருந்து எழும் தீ கூரையடியில் எவ்வாறு ஓடுகிறதென்றும் சோதிக்கலாயினர். சோதனைச் சான்று நுரைக்கு மாத்திரம் உரியதன்று. தகடு, பழைய அடுக்கு, நுரை, பூச்சு ஆகிய முழு அமைப்பையும் சேர்த்தே அது வழங்கப்படுகிறது. ஆதலால், கீழே கிடப்பது இன்னதென்று அறியாமல் நுரை தெளிப்பவர், கையில் எந்தச் சான்றிதழை வைத்திருந்தாலும், அந்தக் கூரைக்குரிய சான்றிதழை வைத்திருப்பவர் ஆகார்.