ஃபைல் திறக்கவில்லையா? முதலில் ஒரு நகல் எடுங்கள்

போடிநாயக்கனூரை அடுத்த பொட்டிபுரத்தின் பெயர் டெல்லி வரை எட்டியது நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தால்தான். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாயில் அதற்கு ஒப்புதல் தந்தது. பூவுலகின் நண்பர்கள் அமைப்பு தொடுத்த வழக்கில், 2011இல் தரப்பட்டிருந்த சுற்றுச்சூழல் அனுமதியை 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நிறுத்திவைத்தது. திட்ட இடத்திலிருந்து கேரள எல்லை 5 கிலோமீட்டருக்குள் இருந்தது ஒரு காரணம். சுற்றுச்சூழல் ஆய்வறிக்கை தயாரித்த நிறுவனத்துக்கு அதற்குரிய அங்கீகாரம் இல்லாதது இன்னொன்று. இரண்டுமே ஆவணங்களைப் பக்கம் பக்கமாகப் படித்தவர்கள் கண்ணில் பட்டவை. மறு ஆண்டு மார்ச்சில் மத்திய அரசு புதிதாக அனுமதி கொடுத்ததும் இன்னொரு கட்டு ஆவணங்களோடுதான். திட்டத்தை ஆதரித்தவர்களுக்கும் எதிர்த்தவர்களுக்கும் கையில் காகிதம் இருந்தால்தான் பேச்சு எடுபட்டது.

அந்தக் காகிதம் இப்போது கணினியில் பிறக்கிறது. கிராம சபைத் தீர்மானத்தின் வரைவு, ஏலத்தோட்டத்துக் கூலிக் கணக்கு, குத்தகை ஒப்பந்தம், கலெக்டரிடம் கொடுக்கும் மனு என்று எல்லாமே ஏதோ ஒரு டி.டி.பி. சென்டரில் அடிக்கப்பட்டு, பென் டிரைவிலோ வாட்ஸ்அப்பிலோ ஊர் போய்ச் சேருகின்றன. சேமிக்கும் நேரம் பார்த்துக் கரண்ட் போகும். நகல் முடிவதற்குள் யாராவது பென் டிரைவை உருவிவிடுவார்கள். மறுநாள் திறந்தால், ‘ஃபைல் கரப்ட் ஆகிவிட்டது’ என்று திரை சொல்லும்.

அந்த நேரத்துப் பதற்றம்தான் பெரிய சேதத்தைச் செய்கிறது. திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பது, பாதி தெரிகிறதே என்று அதே பெயரில் சேமித்துவிடுவது, பென் டிரைவை ஃபார்மட் செய்யட்டுமா என்று கணினி கேட்டதும் சரி என்று அழுத்துவது ஆகிய மூன்றும் மீட்க முடிந்த ஃபைலை மீட்க முடியாததாக்கிவிடுகின்றன. எனவே முதல் வேலை, பழுதான ஃபைலை அப்படியே நகலெடுத்து வேறொரு இடத்தில் வைப்பது. என்ன வைத்தியம் செய்வதானாலும் நகலில் மட்டும் செய்ய வேண்டும்.

விண்டோஸ் கணினியில் மைக்ரோசாஃப்ட் வேர்டு இருந்தால் வழி சுலபம். ஃபைல் மெனுவில் ஓப்பன் போய், பிரவுஸ் கொடுத்து, ஃபைலை ஒருமுறை மட்டும் சொடுக்கித் தேர்ந்தெடுத்து, ஓப்பன் பொத்தானின் ஓரத்தில் உள்ள சிறிய அம்புக்குறியை அழுத்தினால் ‘ஓப்பன் அண்ட் ரிப்பேர்’ வரும். அந்த அம்புக்குறி கண்ணில் படாததால், இந்த வசதி இருப்பதே பல ஆண்டுகளாக வேர்டில் வேலை செய்பவர்களுக்குக்கூடத் தெரிவதில்லை. செல்போன் செயலியிலும் பிரவுசரில் ஓடும் வேர்டிலும் இதைத் தேடினால் கிடைக்காது. காசில்லாமல் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் மெனுவிலும் கிடையாது. ஆனால் ஃபைல் பழுது என்று அது தானாகக் கண்டுகொண்டால், சரிசெய்யட்டுமா என்று கேட்கும். வேர்டு கைவிட்ட ஃபைலை லிப்ரே ஆபிஸோ கூகுள் டாக்ஸோ திறந்துவிடுவதும் உண்டு. ஒவ்வொரு மென்பொருளும் பிழையைப் பொறுத்துக்கொள்ளும் விதம் வேறு என்பதால், இரண்டு மூன்றில் போட்டுப் பார்ப்பது நேர விரயம் ஆகாது.

அதிலும் முடியவில்லை என்றால் ஃபைலின் உள்ளமைப்பைத் தெரிந்துகொள்வது உதவும். 2007ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து வேர்டு சேமிக்கும் டாக்எக்ஸ் வகை ஃபைல், வாய் கட்டிய மூட்டை போன்றது. வெளியே ஒரே பொருளாகத் தெரிந்தாலும், உள்ளே எழுத்து ஒரு ஃபைலாகவும் படங்கள் தனித்தனி ஃபைல்களாகவும் கிடக்கின்றன. கட்டியிருக்கும் முறை ஜிப். லிப்ரே ஆபிஸின் ஓடிடி வகையும் இப்படித்தான். எனவே நகலின் பெயரில் கடைசியில் உள்ள டாக்எக்ஸ் என்பதை ஜிப் என்று மாற்றி, செவன்-ஜிப் போன்ற மென்பொருளில் திறந்து பார்க்கலாம். வேர்டு என்ற ஃபோல்டருக்குள் ‘டாகுமென்ட்’ என்ற பெயரில் ஓர் எக்ஸ்எம்எல் ஃபைல் இருக்கும். குறியீடுகளுக்கு நடுவே மனுவின் வாசகம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. பக்கத்தில் மீடியா என்ற ஃபோல்டரில் படங்கள் இருக்கும். நிலத்தகராறுக்காக எடுத்து ஒட்டிய புகைப்படங்கள் மட்டும் மீண்டாலே பாதிக் கவலை தீரும்.

ஜிப்பில் இன்னொரு சங்கதியும் உண்டு. உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல் ஃபைலின் கடைசியில்தான் எழுதப்படுகிறது. பென் டிரைவை முன்கூட்டியே உருவினால் அறுபடுவது அந்தக் கடைசிப் பகுதிதான். பட்டியல் போனதால் வேர்டு ஃபைலையே மறுக்கிறது, ஆனால் உள்ளே இருந்தவற்றில் பெரும்பகுதி பத்திரமாக இருக்கலாம். வின்ராரில் உள்ள ரிப்பேர் வசதியும், லினக்ஸில் ஜிப் கட்டளையோடு வரும் பழுதுநீக்கும் வசதியும் இந்தப் பட்டியலை மறுபடி கட்ட முயல்கின்றன. ஃபைல் திறந்தும் அடிக்கடி முடங்கினால் செய்ய வேண்டியது வேறு. கடைசிப் பத்திக்குறியை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் நகலெடுத்துப் புதிய ஆவணத்தில் ஒட்ட வேண்டும். வடிவமைப்பு விவரங்களில் பல அந்தக் குறியோடு ஒட்டியிருப்பதால், கோளாறும் அங்கேயே தங்கிவிட வாய்ப்பு அதிகம்.

ஒரு விஷயத்தைத் தமிழ்நாட்டில் கட்டாயம் சொல்ல வேண்டும். கரப்ட் என்று கொண்டுவரப்படும் பழைய ஃபைல்களில் சில பழுதானவையே அல்ல. வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தவை அவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடும் டேஸ்-16உம்தான் தமிழுக்கான தரக் குறியீடுகள் என்று 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு ஆணையிட்ட பிறகும், அதற்கு முந்தைய ஆண்டுகளின் தீர்மானங்களும் ரசீதுகளும் பழைய குறியீட்டிலேயே தூங்குகின்றன. உரிய எழுத்துருவை நிறுவினாலோ, என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் இட்டாலோ தமிழ் திரும்பிவிடும். இது தெரியாமல் அழிக்கப்பட்ட ஃபைல்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

எல்லாம் மீளும் என்று நம்பிக்கை கொடுப்பதும் தவறு. அளவு பூஜ்யம் என்று காட்டும் ஃபைலில் மீட்க எதுவும் இல்லை. அளவு சரியாகக் காட்டினாலும், கரண்ட் போன சமயத்தில் உள்ளடக்கம் முழுவதும் வெற்றுப் பூஜ்யங்களாகிப் போவது உண்டு. நோட்பேடில் திறந்தால் நல்ல டாக்எக்ஸ் ஃபைலின் முதல் இரண்டு எழுத்துகள் ஆங்கில ‘பிகே’ என்று இருக்கும். அது இல்லாமல் வெறுமை மட்டும் தெரிந்தால், எந்தக் கடைக்காரரும் அந்த ஃபைலைச் சரிசெய்ய முடியாது. அப்போது தேட வேண்டியது வேறு இடங்களில்: வேர்டின் தானியங்கிச் சேமிப்பு, டி.டி.பி. சென்டர் கணினி, மின்னஞ்சலில் அனுப்பிய பிரதி, ஒன்டிரைவிலோ கூகுள் டிரைவிலோ உள்ள பழைய பதிப்பு. பென் டிரைவிலிருந்து அழிந்திருந்தால் அதில் மேற்கொண்டு எதையும் எழுதாமல், ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டி, மீண்டதை வேறு டிஸ்கில் சேமிக்க வேண்டும்.

ஃபைல்களின் பெயர்கள் ஒரே நேரத்தில் மாறி, பணம் கேட்டு ஒரு குறிப்பு கிடந்தால் அது பழுது அல்ல, குற்றம். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் மென்பொருள் உலகைச் சுற்றியபோது, கேரளத்தின் வயநாட்டில் தரியோடு ஊராட்சி அலுவலகக் கணினிகளும் பத்தனம்திட்டாவில் அருவாப்புலம் ஊராட்சிக் கணினிகளும் முடங்கின. கேட்ட தொகை 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின். மலைக்கு அந்தப் பக்கம் நடந்தது இந்தப் பக்கமும் நடக்கும். கணினியை இணையத்திலிருந்து துண்டித்துவிட்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்ய வேண்டும். ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து காவல்துறையும் சேர்ந்து 2016இல் தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில் சில வகைகளுக்கு இலவசச் சாவி கிடைக்கிறது.

ஃபைலை ஏற்றினால் சரிசெய்து தருகிறோம் என்னும் இணையதளங்களிடம் ஆதார் எண், பட்டா, வங்கிக் கணக்கு உள்ள ஆவணத்தைக் கொடுப்பது ஆபத்து. ஏற்றியதை அவர்கள் அழித்தார்களா என்று பார்க்க நமக்கு வழியில்லை. உள்ளூர்க் கடையில் கொடுத்தால் என்ன வேலை, எவ்வளவு கூலி என்று எழுதி ரசீது வாங்க வேண்டும். காசு வாங்கிக்கொண்டு இருந்ததையும் அழித்துவிட்டால் அது சேவைக் குறைபாடு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். கடை சென்னையில் இருந்தாலும் போடிக்காரர் தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் போதும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, ஆனால் 2 ஆண்டுகளுக்குள் தொடுத்துவிட வேண்டும். வழக்குக்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிட்டுப் பார்க்கலாம்.

ஃபைல் நீதிமன்றத்துக்குப் போகக் கூடியது என்றால் அசலை இன்னும் கவனமாக வைக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணு ஆவணத்தோடு சான்றிதழ் கேட்கிறது. அதில் ஃபைலின் ஹாஷ் மதிப்பை, அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற குறியீட்டை, குறிப்பிட வேண்டும். ஃபைலில் ஓர் எழுத்து மாறினாலும் ஹாஷ் மாறிவிடும். எனவே பழுதான அசல், சரிசெய்த நகல் இரண்டும் தனித்தனியே இருக்க வேண்டும், யார் எப்போது எதைச் செய்தார்கள் என்ற குறிப்போடு.

சொந்தப் பிரதி முற்றிலும் போய்விட்டாலும், ஆவணம் அரசிடம் கொடுத்ததாகவோ அரசு கொடுத்ததாகவோ இருந்தால் உரிமை போய்விடுவதில்லை. பதிவு செய்த பத்திரத்தின் சான்றிட்ட நகலைச் சார்பதிவாளர் அலுவலகம் தர வேண்டும். பத்திர எழுத்தரின் கணினியில் இருந்தது வரைவு மட்டுமே. தீர்மானம், மனு, அனுமதிக் கடிதம் போன்றவற்றுக்கு 2005ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பதிவேடுகளை ஒழுங்காகப் பட்டியலிட்டு, வசதிக்கேற்பக் கணினியில் ஏற்றிப் பராமரிப்பது அலுவலகத்தின் கடமை என்கிறது அதன் 4ஆம் பிரிவு. ‘ஃபைல் காணவில்லை’, ‘கம்ப்யூட்டர் பழுது’ என்ற பதில்கள் தகவலை மறுக்க அந்தச் சட்டம் அனுமதிக்கும் காரணங்களில் இல்லை. ஒருகாலத்தில் அலுவலகத்தில் இருந்த தகவலைக் கண்டுபிடிக்கவில்லை என்று சொல்லி மறுத்துவிட முடியாது, முறையாகத் தேட வேண்டும், தேவைப்பட்டால் விசாரித்துப் பொறுப்பாளியைக் கண்டறிய வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு, பிறகு மாநிலத் தகவல் ஆணையம். கேட்ட தகவலை வேண்டுமென்றே அழித்த அலுவலருக்கு 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க 20ஆம் பிரிவு இடம் தருகிறது. மனு எழுதும்போது நகலோடு நிற்காமல், அந்த ஆவணம் எந்தப் பதிவேட்டில் எந்த எண்ணில் ஏறியிருக்கிறது, தாள் வடிவில் எங்கே இருக்கிறது, காணாமல் போனது குறித்து யார் எப்போது விசாரித்தார்கள் என்பதையும் தனித்தனிக் கேள்விகளாகக் கேட்கலாம்.