தானே நின்று தானே கிளம்பும் எஞ்சின்: படகுக்கு ஆகுமா, நமது சரக்கு வண்டிக்கு ஆகுமா?

மளிகை வியாபாரத்தில் கிலோவுக்குக் கிடைப்பது ஓரிரு ரூபாய்தான் என்பது உறுப்பினர்கள் அனைவரும் அறிந்ததே. அந்த ஓரிரு ரூபாயும் கடைக்கு வந்து சேருமுன் டீசல் புகையாகப் போய்விடுகிறது. கடலூர் - விருத்தாசலம் சாலையும் விக்கிரவாண்டி - தஞ்சாவூர் சாலையும் சந்திக்கும் வடலூர் நான்குமுனையில் நிற்கும் சரக்கு வண்டிகளைப் பாருங்கள். ரயில்வே கேட் மூடியிருந்தாலும், தைப்பூசக் கூட்டத்தில் சிக்கினாலும், கடை வாசலில் மூட்டை இறங்கினாலும் எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

இதற்கு மருந்தாக, வண்டி நின்றால் எஞ்சினும் தானே நின்று, கிளட்சை மிதித்தால் தானே கிளம்பும் ஏற்பாடு இப்போது பல வண்டிகளில் வருகிறது. புது வண்டி வாங்கும்போது விற்பனையாளர் இதைப் பெரிதாக எடுத்துச் சொல்வார். இது யாருக்கு லாபம், யாருக்கு வீண் என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்வது நல்லது. அதற்குக் கால்வாயில் ஓடும் படகு ஒரு நல்ல பாடமாக அமைகிறது.

எப்படி வேலை செய்கிறது?

வண்டி நின்று, கியர் நியூட்ரலுக்கு வந்து, கிளட்சிலிருந்து கால் எடுக்கப்பட்டதும், வண்டியில் உள்ள சிறு கம்ப்யூட்டர் எரிபொருளை நிறுத்திவிடும். மறுபடி கிளட்சை மிதித்ததும் ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும். எஞ்சின் போதிய சூடு ஏறியிருக்க வேண்டும், பேட்டரியில் சார்ஜ் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சின் நிற்காது. நாளொன்றுக்குப் பலமுறை ஸ்டார்ட் ஆவதால் ஸ்டார்ட்டரும் பேட்டரியும் வலுவானவையாகப் பொருத்தப்படுகின்றன.

இது புதிய சரக்கு அல்ல. ஜப்பானில் டொயோட்டா நிறுவனம் 1970-களிலேயே இதைக் காரில் பொருத்திப் பார்த்தது. நமது நாட்டில் 2019-ல் வந்த ஹோண்டா ஆக்டிவா 125 ஸ்கூட்டரிலும், 2020-ல் வந்த டிவிஎஸ் ஜூபிடரின் ஒரு வகையிலும் இது இடம்பெற்றது. நம்மில் பலர் கடைக்கு வந்துபோகும் ஸ்கூட்டரிலேயே இது இருக்கலாம்.

படகில் ஏன் சரிப்படவில்லை?

சரக்குக்கும் கால்வாய்க்கும் உள்ள உறவு பழையது. 1806-ல் சென்னையிலிருந்து எண்ணூர் நோக்கி வெட்டத் தொடங்கி, பின்னர் வடக்கே ஆந்திரம் வரையிலும், தெற்கே பழைய தென்னாற்காடு மாவட்டத்தின் மரக்காணம் வரையிலும் நீண்ட பக்கிங்ஹாம் கால்வாயில் உப்பும் விறகும் நெல்லும் படகேறிச் சென்னைக்குப் போயின. பாயும் கழியும் இழுகயிறும்தான் அந்தப் படகுகளுக்கு எஞ்சின். நின்றால் செலவில்லை.

இன்று படகுகளில் எஞ்சின் வந்துவிட்டது. இங்கிலாந்தின் கால்வாய்களில் மட்டும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட படகுகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை டீசலில் ஓடுபவை. காருக்கு வந்த இந்த ஏற்பாட்டைப் படகுக்கும் வைத்தால் என்ன என்ற கேள்வி இயல்பாக எழுகிறது. ஆனால் மூன்று காரணங்களால் அது பொருந்துவதில்லை.

முதல் காரணம் பிரேக். வண்டியின் பிரேக் எஞ்சினை நம்பி நிற்பதில்லை. எஞ்சின் நின்றாலும் காலால் மிதித்து வண்டியை நிறுத்திவிடலாம். படகுக்கு அப்படித் தனிப் பிரேக் கிடையாது. ரிவர்ஸ் கியர் போட்டு விசிறியைப் பின்னோக்கிச் சுழற்றுவதே அதன் பிரேக். பிச்சாவரத்தில் மோட்டார் படகு கரையை நெருங்கும்போது ஓட்டுநர் நியூட்ரலுக்கு வந்து, பிறகு ரிவர்ஸில் ஒரு தட்டுத் தட்டி நிறுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நியூட்ரல் நேரத்தில் எஞ்சின் தானாக நின்று, மறுபடி கிளம்ப இரண்டு விநாடி தாமதித்தால் படகு படித்துறையில் மோதும். வண்டி நியூட்ரலில் ஓய்வெடுக்கிறது. படகோ அப்போதுதான் எஞ்சினை அதிகம் நம்பியிருக்கிறது.

இரண்டாவது, படகு அடிக்கடி நிற்பதில்லை. கால்வாயில் சிக்னல் இல்லை. புறப்பட்டால் மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் போகும். வீண் ஓட்டம் சில நிமிடமே என்றால், மிச்சமும் சில துளிதான். படகில் டீசலை மிச்சம் பிடிக்க உண்மையான வழி வேகத்தைக் குறைப்பதே. தண்ணீரைக் கிழித்துச் செல்லும் கனத்த படகின் வேகத்தை இரட்டிப்பாக்கினால் அதற்குத் தேவைப்படும் சக்தி சுமார் எட்டு மடங்காகிறது.

மூன்றாவது, பேட்டரி. கால்வாய்ப் படகில் விளக்கு, பம்பு, குளிர்சாதனப் பெட்டி எல்லாவற்றுக்கும் மின்சாரம் தருவது எஞ்சின்தான். கரையில் கட்டியிருக்கும்போதுகூட சார்ஜ் ஏற்றுவதற்காகவே அதை ஓட்டுகிறார்கள். இந்தச் சத்தம் அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லையாவதால், இங்கிலாந்தில் இரவு 8 மணியிலிருந்து காலை 8 மணிவரை கட்டிய படகில் எஞ்சினை ஓட்டக்கூடாது என்ற ஒழுங்கே இருக்கிறது.

எஞ்சினை நிறுத்தும் யோசனை படகுக்கே உதவாது என்று எண்ண வேண்டாம். விசிறியைச் சுழற்றும் வேலையை மின்மோட்டாரிடம் கொடுத்துவிட்டால் நிலைமை மாறிவிடும். கேரளத்தில் வைக்கம் - தவணக்கடவு இடையே 2017 முதல் ஓடும் 'ஆதித்யா' சூரியசக்திப் படகும், 2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோ படகுகளும் மின்மோட்டாரில் ஓடுபவை. கொச்சிப் படகில் டீசல் ஜெனரேட்டர் கைகாவலாக மட்டுமே இருக்கிறது. மின்மோட்டார் கேட்ட நொடியில் முன்னும் பின்னும் சுழலும் என்பதால், எஞ்சின் நின்றிருந்தாலும் பிரேக் போவதில்லை.

நமது வண்டிக்குக் கணக்கு

படகு சொல்லும் பாடம் இதுதான்: நாளொன்றுக்கு எத்தனை நிமிடம் எஞ்சின் சும்மா ஓடுகிறது என்பதைப் பொறுத்தே லாபம். குட்டியானை போன்ற சிறு வண்டியின் எஞ்சின் சும்மா ஓடினால் மணிக்குச் சுமார் அரை லிட்டர் குடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். டீசல் லிட்டர் 90 ரூபாய் என்றும் கொள்வோம்.

கடைத்தெருவில் கடை கடையாகச் சரக்குப் போடும் வண்டி நாளுக்கு 40 நிமிடம் சும்மா ஓடினால், மாதம் 26 நாளில் எட்டரை லிட்டருக்குச் சற்று மேல், அதாவது சுமார் 780 ரூபாய் வீண். நெய்வேலிக்கோ சிதம்பரத்துக்கோ ஒரே லோடாகப் போய்வந்து, நாளுக்கு 8 நிமிடம் மட்டும் நிற்கும் வண்டிக்கு வீண் மாதம் சுமார் 156 ரூபாய்தான். முதல் வண்டிக்கு இந்த ஏற்பாடு பயன்படும். இரண்டாவது வண்டி கால்வாய்ப் படகு மாதிரி. அதற்காகக் கூடுதல் விலை கொடுப்பது வீண்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த 780 ரூபாயைச் சாவியைத் திருப்பியே மிச்சம் பிடிக்கலாம். மூட்டை இறக்கும்போதும் கேட்டில் நிற்கும்போதும் எஞ்சினை அணைக்க ஓட்டுநரைப் பழக்கினால் போதும். சூடேறிய இன்றைய எஞ்சினை மறுபடி கிளப்பச் செலவாகும் டீசல், அது சில விநாடி சும்மா ஓடக் குடிக்கும் டீசலைவிட அதிகமில்லை. ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கப் போகிறோம் என்றால் அணைத்துவிடலாம்.

உறுப்பினர்கள் கவனத்திற்கு

1. வாங்குமுன் ஒரு வாரம் வண்டி சும்மா ஓடும் நிமிடங்களை ஓட்டுநரைக் குறித்துவரச் சொல்லுங்கள். அதை வைத்து மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள்.

2. இந்த ஏற்பாடுள்ள வண்டிக்கு அதற்கென்றே செய்யப்பட்ட பேட்டரிதான் போட வேண்டும். விலை குறைவு என்று சாதாரண பேட்டரி போட்டால் சீக்கிரம் போய்விடும். மாற்றும் செலவையும் கணக்கில் சேருங்கள்.

3. ஏற்பாடு இல்லாத பழைய வண்டியில் வெளியில் வாங்கிப் பொருத்த வேண்டாம். வயரிங்கில் கைவைத்தால் வாரண்டி போகக்கூடும்.

4. தானாக நின்ற எஞ்சின் அணைந்த எஞ்சின் அல்ல. ஓட்டுநர் இறங்கும்போது கைபிரேக் போட்டுச் சாவியைக் கையோடு எடுக்க வேண்டும்.

5. டர்போ உள்ள டீசல் வண்டி முழு லோடுடன் வெகுதூரம் ஓடி வந்தால், அணைக்குமுன் ஒரு நிமிடம் சும்மா ஓடவிடுவது நல்லது.

வள்ளலார் 1867-ல் வடலூரில் ஏற்றிய தருமசாலை அடுப்பு இன்றும் அணையாமல் பசிப்பிணி தீர்த்து வருகிறது. அணையா அடுப்பு நமது ஊருக்குப் பெருமை. ஆனால் கடை வாசலில் அணையாமல் ஓடும் எஞ்சினால் நமது கல்லாவுக்கு நஷ்டமே. எந்தக் கருவியை வாங்கினாலும் வாங்காவிட்டாலும், இன்றே ஓட்டுநரிடம் இதைச் சொல்லிவைப்பது நமக்கு லாபம்.