முட்டைக் கூடைக்குள் நல்ல பாம்பு

போன வருஷம் ஆடி மாதம். விடிய இன்னும் நேரம் இருந்தது. கொல்லையில் அடைக்கோழி விடாமல் கத்தியது. எலி வந்திருக்கும் என்று நினைத்து என் மாமியார் எழுந்துபோய், இருட்டிலேயே கூடைக்குள் கையை விட்டார். பல வருஷப் பழக்கம்.

"ஏம்மா, ஏதோ சில்லுனு இருக்குது. லைட்டு எடுத்தா."

டார்ச் அடித்துப் பார்த்தால் கூடைக்குள் நல்ல பாம்பு. வாயில் பாதி விழுங்கிய முட்டை. அந்த முட்டைதான் அத்தையின் கையைக் காப்பாற்றியது என்று இன்றும் நினைக்கிறேன். தீயணைப்புத் துறைக்குப் போன் செய்தோம். வந்து பிடித்துக்கொண்டு போனார்கள்.

அதுவரை 'கோழியைப் பாம்பிடமிருந்து காப்பாற்றுவது எப்படி' என்பதுதான் என் கேள்வி. அன்றைக்குத்தான் புரிந்தது, முதலில் காப்பாற்ற வேண்டியது கோழிக் கூண்டுக்குள் கையை விடுகிற மனுஷியை.

எங்கள் வீடு நூம்பலில், வேலப்பன்சாவடிக்குப் பக்கம். சுற்றியிருந்த நெல் வயல்கள் மனைகளாகிவிட்டன. வீடு கட்டாத மனைகளில் முள்ளும் புதரும், கட்டிய இடங்களில் ஜல்லியும் உடைந்த கல்லும். வயலில் இருந்த எலிக்கும் பாம்புக்கும் மிச்சம் இருப்பது எங்களைப் போன்றவர்களின் கொல்லைதான். பன்னிரண்டு நாட்டுக்கோழி, நாலு வாழை, ஒரு முருங்கை, கீரைப்பாத்தி. இதுதான் எங்கள் பண்ணை.

பாம்பு பிடிபட்ட மறுநாள், முன்பு இந்தப் பக்கத்து வயல்களில் எலி பிடித்த இருளர் பெரியவர் ஒருவரைக் கூட்டிவந்தோம். அவர் கூண்டைப் பார்க்கவில்லை. கொல்லையை ஒரு சுற்று சுற்றினார். கூண்டுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி ஓரம், விறகு அடுக்கின் அடியில் என்று ஆறு வளைகளைக் காட்டினார்.

"இத்தினி எலிய வளத்து வெச்சிக்கினு பாம்பு வருதுன்றியேம்மா. இங்க சாரை ஒண்ணு இருந்திருக்கணுமே?"

இருந்தது. அதற்கு முந்தின வருஷம் இரண்டு குஞ்சுகள் காணாமல் போன கோபத்தில் அடித்துவிட்டோம். விஷமில்லாத பாம்பு, எலிதான் அதன் முக்கிய இரை. அதைக் கொன்ற பிறகு எலி பெருகியது. ராத்திரியில் கூண்டில் சிந்திக் கிடந்த கம்பும் நொய்யும் அவற்றுக்குச் சோறு. எலியைத் தேடி, எலி வளையிலேயே தங்க நல்ல பாம்பு வந்தது. வந்த இடத்தில் முட்டையும் கிடைத்தது. சாரை, நல்ல பாம்பு இரண்டுமே 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை, அடிப்பது குற்றம் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

திருடியது யார்?

எல்லாவற்றுக்கும் பாம்பின் மேல் பழி போட வேண்டாம். முட்டை ஓடு கூட இல்லாமல் முழுசாகக் காணவில்லை என்றால் பாம்பாக இருக்கலாம். அது உடைக்காமல் விழுங்கும். ஓட்டுத் துண்டு சிதறிக் கிடந்தால் எலி அல்லது கீரி. ஒரே ராத்திரியில் பல கோழிகள் கடிபட்டுச் செத்துக் கிடந்தால் கீரி, மரநாய் மாதிரியான விலங்கு. செத்த குஞ்சின் தலையும் கழுத்தும் ஈரமாக நனைந்திருந்தால், பாம்பு விழுங்கப் பார்த்து முடியாமல் விட்டிருக்கிறது.

நாங்கள் செய்தது

முதலில் தீனி. பொழுது சாய்வதற்குள் மிச்சத்தைக் கூட்டி அள்ளி, மூடி போட்ட தகர டின்னில் வைக்கிறோம். எலி வளைகளைத் தோண்டி அடைத்தோம். விறகைச் சுவரிலிருந்து தள்ளி, தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் அடுக்கினோம். கூண்டைச் சுற்றிப் பத்தடிக்குப் புதர் இல்லை.

அடுத்தது கூண்டு. பழைய கோழிவலையின் கண் ஓர் அங்குலம். அதில் எலியும் நுழையும், குட்டிப் பாம்பும் நுழையும். சுற்றிலும் மேலேயும் கால் அங்குலக் கண் கம்பிவலை அடித்தோம். சாரை நன்றாக ஏறும். ஆகவே பக்கவாட்டில் மட்டும் அடித்தால் போதாது. வலையை ஓர் அடி மண்ணுக்குள் இறக்கினோம். கதவுக்கு அடியில் இருந்த சந்தைப் பலகை அடித்து அடைத்தோம். பஞ்சாரத்தில் மூங்கில் இடைவெளி வழியாகப் பாம்பு போகும் என்பதால், அடைக்கோழியையும் குஞ்சுகளையும் ராத்திரியில் இந்தக் கூண்டுக்குள்தான் விடுகிறோம். முட்டையைக் காலை, மதியம், சாயங்காலம் என மூன்று வேளையும் எடுத்துவிடுகிறோம்.

நைலான் மீன்வலையைச் சுற்றிக் கட்டச் சிலர் சொல்வார்கள். வேண்டாம். பாம்பு அதில் சிக்கிச் சாகும். அதை எடுக்கப் போகிறவருக்கும் ஆபத்து. பூண்டு, பினாயில், சிறியாநங்கைச் செடி எல்லாம் நாங்களும் வைத்துப் பார்த்தோம். அந்தச் செடிக்குப் பக்கத்திலேயேதான் ஒரு வளை இருந்தது. கினிக்கோழி சத்தம் போட்டு எச்சரிக்கும், அவ்வளவுதான். அது பூட்டு ஆகாது.

கடித்துவிட்டால்

கிழிக்கக்கூடாது, உறிஞ்சக்கூடாது, கயிறு போட்டு இறுக்கிக் கட்டக்கூடாது. கடிபட்டவரை நடக்க விடாமல், கை காலை அசைக்காமல் வைத்து, 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாம்பைத் தேடி அடித்து எடுத்துப்போக வேண்டியதில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான் போடுகிறார்கள். கட்டுவிரியன் கடித்தால் வலியே தெரியாமல் போகலாம். எனவே சந்தேகம் இருந்தாலே கிளம்பிவிட வேண்டும்.

அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்களும் இருளர்கள்தான். மாமல்லபுரம் போகும் சாலையில் வடநெம்மேலியில், 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். நாம் அடித்துப் போடுவதை அவர்கள் உயிரோடு காப்பாற்றி நமக்கு மருந்தாக்குகிறார்கள்.

புதுக் கூண்டுக்குப் பிறகு ஒரு முட்டைகூடப் பாம்புக்குப் போகவில்லை. பகலில் மேயும்போது கீரியிடம் ஒரு கோழியை இழந்தோம். அதற்கு இன்னும் வழி தேடிக்கொண்டிருக்கிறேன். அத்தை இப்போது டார்ச்சும் கம்பும் இல்லாமல் கொல்லைக்குப் போவதில்லை. கம்பு அடிக்க இல்லை, கூடையைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கையை விட.

போன வாரம் வேலியோரம் ஒரு சாரை போனது. நான் அவரைப் பார்த்தேன்.

"போவட்டும் வுடும்மா. எலி இருக்குதில்ல" என்றார்.