மரவள்ளித் தோட்டத்தில் எண்ணெய் ஓடியது!
14 ஆண்டுகள் வழக்காடிய விவசாயிகள்

2005-ம் ஆண்டு ஜூன் மாதம். ஆப்பிரிக்காவில் நைஜீரியா நாட்டில் உள்ள ஒருமா என்ற சிற்றூர்.

பூமிக்கு அடியில் போகும் எண்ணெய்க் குழாய் அங்கே கசிந்தது. கறுத்த எண்ணெய் மேலே வந்தது. தோட்டத்தில் பரவியது. மீன் வளர்க்கும் குட்டைகளில் இறங்கியது.

அதற்கு முந்திய ஆண்டு கோய் என்ற ஊரிலும் இதே கதிதான். அங்கே தீயும் பிடித்துக்கொண்டது. அந்த ஊர் ஜனங்கள் குடிபெயர்ந்து போய்விட்டார்கள்.

இந்தப் பகுதியில் நைஜர் ஆறு பல கிளைகளாகப் பிரிந்து கடலில் கலக்கிறது. மரவள்ளியும் பெருவள்ளிக் கிழங்கும் பயிராகும். மீனுக்கும் குறைவில்லை. 1956-ம் ஆண்டு இங்கே எண்ணெய் கண்டுபிடித்தார்கள். பிறகு வயல்களின் ஊடே குழாய்கள் வந்தன.

பயிர் ஏன் வாடுகிறது?

எண்ணெய் மண்ணை மூடிக்கொண்டால் வேருக்குக் காற்று கிடைக்காது. தண்ணீரும் இறங்காது.

இன்னொரு சங்கடமும் உண்டு. எண்ணெயைத் தின்று அழிக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலேயே இருக்கின்றன. நல்ல காரியம்தான்! ஆனால் அவை பெருகும்போது, பயிருக்கு வேண்டிய தழைச்சத்தையும் எடுத்துக்கொள்கின்றன. பயிர் மஞ்சளாகிறது.

மேல் மண்ணைச் சுரண்டிப் போட்டால் தீருமா? தீராது. கோய் ஊர் இருக்கும் ஒகோனி நாட்டை ஐக்கிய நாடுகள் சபை நிபுணர்கள் சோதித்தார்கள். பல இடங்களில் 5 மீட்டர் ஆழத்திலும் எண்ணெய் இருந்தது. நிலத்தைச் சீர்ப்படுத்த 25 முதல் 30 ஆண்டுகள் ஆகலாம் என்று 2011-ம் ஆண்டு சொன்னார்கள்.

கடல் கடந்த வழக்கு

குழாயை அப்போது நடத்தி வந்தது ஷெல் கம்பெனியின் நைஜீரியக் கிளை. "யாரோ குழாயை உடைத்துவிட்டார்கள், நாங்கள் பொறுப்பல்ல" என்பது கம்பெனியின் வாதம். நைஜீரியச் சட்டப்படி, பிறர் உடைத்ததால் கசிந்தது என்றால் பொதுவாக நஷ்ட ஈடு கிடையாது.

ஒருமா, கோய், இகோட் அடா உடோ ஆகிய மூன்று ஊர்களைச் சேர்ந்த 4 விவசாயிகள் 2008-ம் ஆண்டு வழக்குப் போட்டார்கள். எங்கே? ஹாலந்து நாட்டில்! கம்பெனியின் தலைமை அலுவலகம் அப்போது அங்கேதான் இருந்தது. அந்த நாட்டுச் சுற்றுச்சூழல் சங்கம் ஒன்றும் துணைக்கு வந்தது.

2013-ம் ஆண்டு ஒருமா, கோய் விவசாயிகள் தோற்றார்கள். அவர்கள் விடவில்லை. அப்பீல் செய்தார்கள். வழக்கு நீண்டது. நால்வரில் இருவர் காலமானார்கள். மகன்கள் வழக்கைத் தொடர்ந்து நடத்தினார்கள்.

2021-ம் ஆண்டு ஜனவரி 29-ந்தேதி அப்பீல் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. பிறர் உடைத்தது என்றால், அதைச் சந்தேகத்துக்கு இடமின்றி கம்பெனியே நிரூபிக்க வேண்டும். ஒருமாவிலும் கோயிலும் அது நிரூபிக்கப்படவில்லை. ஆகவே நைஜீரியக் கிளை நஷ்ட ஈடு தரவேண்டும் என்றது. ஒருமாக் குழாயில், கசிந்தால் உடனே காட்டிக்கொடுக்கும் கருவியைப் பொருத்தவும் உத்தரவிட்டது. குழாய் போட்டபோதே செய்திருக்க வேண்டிய வேலை!

2022-ம் ஆண்டு டிசம்பரில் சமரசம் ஏற்பட்டது. மூன்று ஊர்களுக்கும் சேர்த்து 1 கோடியே 50 லட்சம் யூரோ தரக் கம்பெனி சம்மதித்தது. ஆனால் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை.