படம் வரைஞ்சா சோறு போடுமா? மெரினா காவலாளி சொல்லும் பதில்

சங்கராபுரம்,

"படம் வரைஞ்சா சோறு போடுமா?" ஓவியம் படிக்க ஆசைப்படும் பிள்ளைகளிடம் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி இதுதான். கோடை விடுமுறையில் நண்பர்களோடு சென்னையை ஒரு சுற்று சுற்றினால் பதில் கிடைக்கும்.

பெரியமேட்டில் இருக்கிறது அரசு கவின் கலைக்கல்லூரி. 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற வெள்ளைக்கார டாக்டர் தொடங்கியது. பிளஸ்-2 முடித்தவர்கள் நுழைவுத்தேர்வு எழுதி 4 ஆண்டு பட்டப்படிப்பில் சேரலாம். மாணவர்கள் பென்சிலும் நோட்டுமாக ரெயில் நிலையம், மார்க்கெட் என்று போய் உட்கார்ந்து, வருவோர் போவோரை வரைந்து பழகுவார்கள். இதற்கு காசு வேண்டாம்.

பக்கத்திலேயே எழும்பூர் அருங்காட்சியகம். சோழர் கால வெண்கல சிலைகளை நிதானமாக பார்த்து வரையலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறந்துடக்கூடாது.

அடுத்து மெரினா. 4 பேர் பாறையை நெம்பித் தள்ளும் உழைப்பாளர் சிலை 1959-ல் வைக்கப்பட்டது. செய்தவர், அந்த கல்லூரியின் முதல் இந்திய முதல்வரான தேவி பிரசாத் ராய் சவுத்ரி. மாடலாக நின்றவர்களில் ஒருவர் ராஜாவும் இல்லை, மந்திரியும் இல்லை. அதே கல்லூரியில் வேலை பார்த்த காவலாளி!

சரி, சோறு? நம்ம கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த உளி ஓடுவதும் முதலில் வரைந்த கோட்டின் மேல்தான்.